பதினைந்தில் வைக்கவும்

சிவப்பு விளக்கு எரியவில்லை. தெரு முடக்குத் திரும்பியதும் தவமலர் முதலில் பார்த்தது அதைத்தான். பத்தொன்பது நாளாக அதைத்தான் பார்க்கிறாள். லொறெய்ன் அம்மாவின் வீட்டு முன் ஜன்னலில், திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு சின்ன விளக்கு. உள்ளே சூடாக்கி நின்று வீடு குளிரத் தொடங்கினால் தானாக எரியும், தெருவில் போகிறவர் யாராவது பார்த்து யாருக்காவது சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஒரே நாளில் குழாயெல்லாம் உறைந்து வெடித்துவிடும். அதற்குத்தான் இந்த ஊரில் ஆள் வைக்கிறார்கள். குளிருக்குப் பயந்து தெற்கே போகிற வீட்டுக்காரர், குளிருக்குப் பயந்தாலும் போக இடமில்லாத ஒருத்தியிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவார். அந்த ஒருத்திதான் தவமலர். நேரம் பார்க்கக் கைத்தொலைபேசியை எடுத்தாள், அது செத்திருந்தது. மைனஸ் முப்பத்தெட்டில் ஐந்து நிமிடம் வெளியே எடுத்தால் அதற்கு உயிர் போய்விடும், பிறகு சூடான இடத்தில் வைத்துக் கெஞ்ச வேண்டும். கைக்கடிகாரம் மூன்று ஐந்து என்றது. பின்னேரம் மூன்று மணிக்கே வானம் அடுப்புக்கரி நிறத்தில் இறங்கிவிட்டது. அவள் மேற்சட்டைக்குள் வயிற்றோடு சேர்த்து ஒரு பால் பெட்டியை அணைத்துப் பிடித்திருந்தாள். கையில் கொண்டுவந்தால் கல்லாகிவிடும். பிள்ளை வயிற்றில் இருந்த காலத்தில்கூட இவ்வளவு கவனமாக நடந்ததில்லை என்று நினைத்துச் சிரிப்பு வந்தது, மூக்குக்குக் கீழே கட்டியிருந்த சால்வையில் அந்த மூச்சும் உறைந்தது. இன்றைக்குப் புதன். வெள்ளி மத்தியானம் லொறெய்ன் அம்மா வருகிறா. சனிக்கிழமை சத்தியரூபனும் ஆரணியும் வருகிறார்கள். புருசனையும் பிள்ளையையும் நாலு வருசத்துக்குப் பிறகு பார்க்கப்போகிறாள். அவர்களை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பது லொறெய்ன் அம்மாவின் வாயில் இருக்கிறது. வீடு நான் விட்டுப்போனபடியே இருந்தால் கீழ் வீட்டை உனக்குத் தருகிறேன், பாதி வாடகைக்கு, என்று சொல்லிவிட்டுத்தான் போனவ.

கதவைத் திறந்ததும் சப்பாத்தைக் கழற்றினாள், வாசலில் நின்றபடி வீட்டைக் காதால் பார்த்தாள். அப்படித்தான் அவள் அதைச் சொல்லுவாள். பதினாலு மாதத்தில் பதினொரு வீடு. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு முனகல் உண்டு, எந்த முனகல் சுகம், எந்த முனகல் வருத்தம் என்று அவளுக்குத் தெரியும். இந்த வீடு சுகமாக முனகியது. ஒரு சின்ன அறைக்கு வாடகை கொடுத்தால் சம்பளத்தில் பாதிக்கு மேல் போய்விடும் என்பதால் அவள் ஆளில்லா வீடுகளாகத் தேடித் தேடி இருந்துவந்தாள். ஒருவர் வந்ததும் இரண்டு சூட்கேசைத் தூக்கிக்கொண்டு அடுத்தவர் வீட்டுக்கு. அந்தரித்து நிற்கும் நாட்களில், இப்போது போல, முதியோர் இல்லச் சமையலறையில் கூட வேலை செய்கிற மரிசெல்லின் அறையில் நிலத்தில் மெத்தை. லொறெய்ன் அம்மா ஆளைத் தங்கவிடுகிறவ அல்ல. தினமும் ஒருதரம் வந்து பார்த்துவிட்டுப் போனால் போதும். குசினிக் குழாயைத் திறந்தாள், இருபது எண்ணினாள், மூடினாள். குளியலறைக் குழாய். கழிப்பறைத் தண்ணீர். கட்டிலடியில் குனிந்து சுவரோரக் குழாயைத் தொட்டாள், சூடு. மேசையில் லொறெய்ன் அம்மாவின் பேரப்பிள்ளைகள் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பதினொரு வீட்டுப் படங்களிலும் பிள்ளைகள் இப்படித்தான் சிரித்தார்கள், இவள் யார் என்று ஒரு பிள்ளையும் கேட்கவில்லை. அடுத்தவர் கோப்பையில் குடித்து, அடுத்தவர் போர்வையில் படுத்து, போகும்போது தலைமயிர் ஒன்றுகூட விழாமல் பொறுக்கி எடுத்துக்கொண்டு போகிறவள். ஒரு வீட்டுக்காரி திரும்பி வந்து, நீ இருந்ததே தெரியவில்லை என்று மெச்சினாள். அந்த மெச்சல் அன்றைக்கு இனித்தது. பிறகு ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டு நிற்கும்போது அது ஞாபகம் வந்து, குழாயை மூடிவிட்டு அதையே திரும்பச் சொல்லிப் பார்த்தாள். இருந்ததே தெரியவில்லை. செத்தவர்களைப் பற்றித்தான் ஊரில் அப்படிச் சொல்லுவார்கள்.

குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த தாளை எடுத்தாள். தேதி, நேரம், மேல் வீட்டுச் சூடு, கீழ் வீட்டுச் சூடு, எண்ணெய், தண்ணீர், கையொப்பம். மேலே லொறெய்ன் அம்மாவின் கொட்டை எழுத்தில்: கீழ் வீடு காலி, பதினைந்தில் வைக்கவும். பதினைந்துக்குக் கீழே போனால் குழாய்க்குக் கூடாது, மேலே போனால் எண்ணெய்க் காசுக்குக் கூடாது. எண்ணெய்த் தாங்கியின் அளவுகோலில் அவ போகும்போது பென்சிலால் ஒரு கோடு போட்டிருந்தா, திரும்பி வந்து எங்கே பார்ப்பா என்று தவமலருக்குத் தெரியும். தாளை நிரப்பக் கீழே போக வேண்டும். வழக்கமாக இரண்டு நிமிட வேலை. இன்றைக்குப் பால் இருக்கிறது. குடிபுகப் பால் காய்ச்சுவதற்குச் சத்தியரூபன் போன கிழமையே ஆளை விட்டுப் பஞ்சாங்கம் பார்த்துவிட்டான். வியாழன் விடியப்புறம் நாலு பத்து. அங்கே வியாழன் விடிய நாலு பத்து என்றால் இங்கே புதன் பின்னேரம் மூன்று நாற்பது, அவள் விரல் விட்டு இரண்டுதரம் எண்ணிப் பார்த்தாள். இங்கத்தைய நேரத்துக்குக் கணக்குப் பார்க்க வேண்டாமோ என்று கேட்டதற்கு, குடிபோகிற குடும்பம் எங்கே நிற்குதோ அந்த நேரம்தான், பெரும்பான்மை இங்கே நிற்குது, நானும் பிள்ளையும் இரண்டு பேர், நீர் ஒராள் என்றான். சாவி இன்னும் கைக்கு வரவில்லையே, அது வேறொருவர் வீடல்லவோ என்றாள். வந்தபிறகு காய்ச்சினால் நல்ல நேரம் தை பிறந்துதான் என்றான். அதோடு ஒன்றும் சேர்த்துச் சொன்னான். “தனியக் காய்ச்சாதையும் தவம். பொங்கின பாலை ஒராளுக்காவது குடுக்க வேணும். தனியக் குடிச்சால் வீடு தனியவே இருக்கும்.” இந்த ஊரில் பின்னேரம் மூன்று மணிக்குப் பால் குடிக்க யாரைக் கூட்டிக்கொண்டு வருவது? மரிசெல்லைக் கேட்கலாம், அவளுக்கு இரண்டாவது வேலை. தனியத்தான் வந்தாள். அப்படி வந்தது நெஞ்சின் ஓரத்தில் ஒரு முள்ளாகக் கிடந்தது.

உள்படிக்கட்டில் இறங்கினாள். வீடு பாறைச் சரிவில் இருப்பதால் கீழ் வீட்டுக்குப் பின்பக்கம் தனியாக ஒரு வாசல் உண்டு. வாசலடியில் சப்பாத்து வைக்க ஒரு ரப்பர் விரிப்பு. விளக்கைப் போட்டாள். விரிப்பு ஈரமாக இருந்தது. பனி உருகி இரண்டு சிறிய குளமாக நின்றது, ஒரு சோடிச் சப்பாத்தின் அளவு. தவமலர் தன் காலைப் பார்த்தாள். காலுறை. சப்பாத்து மேலே வாசலில் இருக்கிறது, இந்தக் கதவால் அவள் ஒருநாளும் வந்ததில்லை. கதவிடுக்கால் பனி புகுந்திருக்கும். புகுந்தால் கோடாகத்தான் புகும், குளமாக நிற்காது. நேற்றைய ஈரமாக இருக்கும். நேற்றைய ஈரம் பதினைந்து பாகைச் சூட்டில் இருபத்துநாலு மணித்தியாலம் காயாமல் இருக்குமோ. காற்று வறண்ட காற்று, இரவில் காயப்போட்ட துணி விடிய முறுகிக் கிடக்கும். பனியில் இறந்தவர்கள் சூடு தேடி வீடுகளுக்குள் வருவார்கள் என்று முதியோர் இல்லத்தில் ஒரு கிழவர் சொன்னது அந்த நேரம் பார்த்து ஞாபகம் வந்தது. அவர் அதைச் சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் சூப் கேட்டவர். அவள் சிரிக்கப் பார்த்தாள், வாய் வரவில்லை. குசினிப் பக்கம் போய்க் கேத்திலைத் தொட்டாள். சுடவில்லை. குளிரவும் இல்லை. உள்ளங்கையை எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள், காய்ச்சல் பார்க்கிற மாதிரி. இளஞ்சூடு. தண்ணீர்த் தாங்கியின் முள்ளைப் பார்த்தாள், நேற்று அவள் எழுதியதைவிட ஒரு விரல் இறங்கியிருந்தது, இருபது எண்ணும்வரை திறந்த குழாய்க்கு அவ்வளவு இறங்காது. மனம் இன்னும் விடவில்லை: முள் பழசு, கேத்தில் ஜன்னலோரம் இருக்கிறது, ஜன்னலால் வெயில், எந்த வெயில், மூன்று மணிக்கே செத்துப்போகிற வெயில். கீழ் வீட்டுச் சாவி ஒன்று திரும்பி வரவில்லை, பூட்டை மாற்ற வேண்டும் என்று லொறெய்ன் அம்மா போகும் அவசரத்தில் சொன்னது இப்போதுதான் காதில் விழுந்தது. முந்தி இருந்தவள் ஒரு அமைதியான பெண், வாடகையைக் கூட்டினதும் ஐப்பசியில் போய்விட்டாள், எங்கே போனாள் என்று தெரியாது. இந்த ஊரில் ஐப்பசியில் வீடு விட்டுப் போனவள் எங்கே போவாள் என்று அன்றைக்குத் தவமலர் கேட்கவில்லை. அவள் போனதால்தானே இவளுக்கு இடம். கேட்டால் வருகிற பதில் பிடிக்காது என்று தெரிந்த கேள்வியை யார் கேட்பார்கள்?

சூடாக்கி இருக்கிற சின்ன அறையின் கதவு மூடியிருந்தது. நேற்றும் மூடித்தான் இருந்ததோ? அந்தக் கதவைப் பார்த்தபடி நின்றவளுக்குத் தான் எந்த வீட்டில் நிற்கிறோம் என்று ஒரு கணம் குழம்பிவிட்டது. ஏனென்றால் போன தையில் அப்படி ஒரு அறைக்குள் அவள் இருந்திருக்கிறாள். அது ஐந்தாவது வீடு. வீட்டுக்காரர் திங்கள் வருவதாக இருந்து, பறப்பு பிந்தி, வெள்ளிதான் வருவோம், நீ திங்களே போகலாம், தம்பி வந்து பார்த்துக்கொள்வான் என்று செய்தி அனுப்பினார். ஆறாவது வீட்டின் சாவி சனிக்கிழமைதான் கைக்கு வரும். நடுவில் ஐந்து இரவு. விடுதியில் ஓர் இரவுக் கூலி அவளுக்கு மூன்று நாள் சம்பளம். சரி என்று பதில் எழுதிவிட்டு அவள் போகவில்லை. விளக்குப் போடாமல், சத்தமில்லாமல், கள்ளியைப் போல இருந்தாள். கள்ளியைப் போல என்ன, கள்ளிதான். புதன்கிழமை கதவு திறக்கிற சத்தம் கேட்டதும் ஓடிப்போய்ச் சூடாக்கி அறைக்குள் ஒளிந்துகொண்டாள். அந்தத் தம்பி வந்தான். பெரிய ஆள், நடந்தால் தரை முனகியது. வாசலில் கனநேரம் நின்றான். குசினிக்குப் போனான். பிறகு அந்தக் கதவுக்கு வெளியே வந்து நின்றான், அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டு அவனுடைய மூச்சைக் கேட்டாள். தொலைபேசியில் யாருடனோ பேசினான்: வெள்ளி காலைதான் வருவார்கள், அதுவரை வேறு ஒருவரும் வரப்போவதில்லை என்று. போய்விட்டான். அவள் வெளியே வந்தபோது சுவரிலிருந்த சூட்டுக் குமிழ் இருபத்திரண்டில் நின்றது. காலி வீடு என்று பதினாலில் வைத்திருந்த குமிழ். காலி வீட்டுக்கு எதற்கு இருபத்திரண்டு? இந்த ஊரில் எண்ணெய் விற்கிற விலைக்கு யார் காலி வீட்டைச் சூடாக்குவார்கள்? பைத்தியக்காரன், அண்ணன் காசுதானே என்று தம்பிக்குத் திமிர், கை தவறிப் பட்டிருக்கும் என்று பதினொரு மாதமாக ஒவ்வொரு காரணமாகப் போட்டுப் பார்க்கிறாள், ஒன்றும் பொருந்தவில்லை. நித்திரை வராத வேளைகளில் அந்தக் குமிழ்தான் கண்ணுக்குள் நிற்கும்.

மணி மூன்று முப்பத்தாறு. ஓடிவிட வேண்டும் என்று கால் சொன்னது. நேரம் தவறக்கூடாது என்று கை சொன்னது. கை வென்றது. புதுச் சட்டியைப் பையிலிருந்து எடுத்து, அடுப்பில் வைத்து, பாலை ஊற்றினாள். ஓரத்தில் கொஞ்சம் பனிக்கூழாகியிருந்த பால் சளக்கென்று விழுந்தது. அடுப்புச் சுருள் சிவந்தது. பிள்ளையாரே என்றாள், அதற்கு மேல் வரவில்லை. முதுகுப் பக்கம் அந்தக் கதவு. பால் சூடேறுகிற மெல்லிய சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் இருந்தது. இழுத்து, நிறுத்தி, நிறுத்தி வைக்க முடியாமல் விடுகிற ஒரு மூச்சு. சூடாக்கியாக இருக்கலாம். சூடாக்கி மூச்சை அடக்காது. அந்த அடக்குதலை அவளுக்குத் தெரியும், அது அவளுடைய அடக்குதல், வாயில் கை பொத்தினால் மூக்கால் இப்படித்தான் வரும். திடீரென்று அவளுக்கு ஒன்று தோன்றியது. அன்றைக்கு அந்த அறையிலிருந்து தான் வெளியே வரவே இல்லையோ? அதற்குப் பிறகு வந்த ஆறு வீடும், மரிசெல்லின் நிலமும், லொறெய்ன் அம்மாவின் வாக்கும், சனிக்கிழமைப் பறப்பும் எல்லாம் உள்ளே இருட்டில் குந்தியிருக்கிற ஒருத்தி நினைத்துக்கொள்வதோ? அப்படியென்றால் இங்கே அடுப்படியில் நிற்பது யார்? திரும்பி அந்தக் கதவைத் திறந்தால், எண்ணெய் வாசத்தில், முழங்காலைக் கட்டிக்கொண்டு, இதே நீல மேற்சட்டையோடு தானே இருந்து தன்னைப் பார்த்தால்? ஜன்னல் கண்ணாடியில் தன் முகத்தைத் தேடினாள். ஆவி படிந்து அங்கே முகம் இல்லை. பயத்தில் அடுப்பில் கை வைக்கப் பார்த்தாள், சுட்டால் உயிரோடு இருக்கிறோம் என்று தெரியுமல்லவா. அதற்குள் பால் எழும்பியது. நுரை சட்டி விளிம்பில் ஒரு கணம் யோசித்து நின்று, பொங்கி, கதவிருந்த பக்கமாக வழிந்தது. சுருளில் பால் கருகிய மணம் வீடெல்லாம் எழுந்தது. அது அவளுடைய ஊர் நெல்லியடியின் மணம், கலியாண வீட்டு மணம், உயிரோடு இருக்கிறவர்கள் வீட்டு மணம். தவமலருக்குக் கண்ணால் தண்ணீர் கொட்டியது.

அடுப்பை நிறுத்திவிட்டு நின்றாள். இப்போது என்ன செய்ய வேண்டும் என்று மூளைக்கு நன்றாகத் தெரியும். மேலே போய், வீட்டுத் தொலைபேசியில் லொறெய்ன் அம்மாவைக் கூப்பிட்டு, கீழே ஆள் இருக்கிறது என்று சொன்னால், நீயல்லவோ பொறுப்பான ஆள் என்று அவ சாவியைக் கையில் வைப்பா. பொலிஸ் வரும். மைனஸ் முப்பத்தெட்டில் ஒரு பெண் வெளியே போவாள். சனிக்கிழமை அந்த அறைக்குப் பக்கத்து அறையில் ஆரணி படுப்பாள். சொல்லாமல் விட்டு, வெள்ளிக்கிழமை லொறெய்ன் அம்மா கண்டுபிடித்தால், கண்ணிருந்தும் பார்க்காதவள் என்றோ கூட்டுக்கள்ளி என்றோ பெயர் வரும், பிறகு இந்தச் சின்ன ஊரில் ஒருவரும் சாவி தரமாட்டார்கள். பிள்ளை விமானத்தால் இறங்கி எங்கே படுக்கிறது என்று கேட்கும். தாய் என்றால் முதல் தொலைபேசியைத்தான் எடுக்க வேண்டும். எடுத்தாள். மேலே போகவில்லை, சட்டைப்பையில் செத்துக் கிடந்ததைத்தான் எடுத்தாள். எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, கதவைப் பார்த்தபடி, தனக்குத் தெரிந்த இங்கிலிஷில், கொஞ்சம் உரத்து, ஓமோம், வீட்டுக்கார அம்மா வெள்ளி மத்தியானம்தான் வருகிறா, அதுவரை வேறு ஒருவரும் வரப்போவதில்லை, நான் மட்டும் நாளைக்கு இதே நேரம் வருவேன் என்றாள். கறுத்த கண்ணாடி காதில் சில்லென்று ஒட்டியது. சொல்லி முடிக்கும்போதுதான் தன் குரலுக்குள் போன தையில் வந்த அந்தப் பெரிய மனுசனின் குரலைக் கேட்டாள். அன்றைக்கும் வெளியே இதே குளிர். அவனும் காரில்லாமல் நடந்துதான் வந்திருந்தான், ஜன்னலால் அவன் போவதைப் பார்த்தவள் அவள்தானே. அவன் கையிலும் செத்த தொலைபேசிதான் இருந்திருக்கும். வாசலில் கனநேரம் நின்றானே, அவளுடைய சப்பாத்து ஈரம் கிடந்த விரிப்பைப் பார்த்துக்கொண்டு.

ஒரு கோப்பையில் பாலை ஊற்றி இரண்டு மிடறு குடித்தாள். இன்னொரு கோப்பையில் நிறைய ஊற்றி, சீனி போட்டு, கதவடியில் வைத்தாள். உள்ளே மூச்சு முழுதாக நின்றுபோயிருந்தது. கருகிய சுருளைத் துடைத்தாள், துடைத்தும் பாலின் வாசம் போகவில்லை. படிக்கட்டில் ஏறப் போனவள் சுவரோரம் நின்றாள். குமிழ் பதினைந்தில் இருந்தது. எண்ணெய்த் தாங்கியில் பென்சில் கோடு இருக்கிறது, வெள்ளிக்கிழமை லொறெய்ன் அம்மா முதலில் அதைத்தான் பார்ப்பா, ஏன் இவ்வளவு எரிந்தது என்று கேட்பா, பதில் சொல்லாவிட்டால் வீடும் இல்லாமல் போகலாம். பயமாகத்தான் இருந்தது. ஆரணியின் முகம் வந்து நின்றது. குமிழைப் பிடித்து இருபத்திரண்டுக்குத் திருப்பினாள். சுவருக்குள் எங்கேயோ டிக் என்றது, கதவுக்குப் பின்னால் சூடாக்கி குப்பென்று பற்றி எரியத் தொடங்கியது. மேலே போய்த் தாளில் தேதி எழுதி, கீழ் வீட்டுச் சூடு என்ற இடத்தில் 15 என்று போட்டுக் கையொப்பம் வைத்தாள். தவமலர் என்று முழுப்பெயராக.

பஸ் தரிப்புக்குப் பக்கத்துக் கடைக்குள் நின்று தொலைபேசியைக் கக்கத்தில் வைத்துச் சூடாக்கினாள். உயிர் வந்ததும் அது துடித்தது. சத்தியரூபன் ஏழுதரம் அழைப்பு எடுத்திருந்தான். அங்கே விடிந்துகொண்டிருந்தது, பின்னால் காகம் கத்தியது, ஆரணி சூட்கேசை இழுக்கிற சத்தம் கேட்டது. நேரத்துக்குப் பொங்கியதோ என்று கேட்டான். பொங்கியது என்றாள். எந்தப் பக்கம் என்றான். நல்ல பக்கம்தான் என்றாள்.

“தனியவோ காய்ச்சினீர்?”

“இல்லை. அங்க ஒராள் இருந்தவ.”

“ஆர்?”

“முந்தி அந்த வீட்டில இருந்தவ.”

அவனுக்கு அது திருப்தியாக இருந்தது. பழைய ஆள் வந்து வாழ்த்திவிட்டுப் போவது நல்லதுதான் என்றான். பிறகு, “பால் குடிச்சவவோ?” என்றான்.

கடைக் கண்ணாடிக்கு வெளியே தெருவில் ஒருவரும் இல்லை. முடக்குக்கு அப்பால் அந்த வீடு தெரியவில்லை. நாளைக்குப் போய்க் கோப்பையைப் பார்த்துவிட்டுச் சொல்லுகிறேன் என்றாள்.